டிரினிடாட் டொபாகோ மருத்துவ வசதி எப்படி? சர்க்கரை உள்ள அப்பாவை அழைத்துப்போகலாமா?

வடகரை எழுதியது:

தம்பிக்கு டிரினிடாடில் வேலை கிடைத்திருக்கிறது. தீவின் தென்மேற்கில் பாயிண்ட் ஃபோர்ட்டின் என்கிற ஊர், அங்கே இருக்கும் இயற்கை எரிவாயு ஆலை சார்ந்த வேலை. அவனுக்குக் கம்பெனி காப்பீடு உண்டு. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு. அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது, சர்க்கரையும் பிரஷரும் ரொம்ப வருடமாக இருக்கிறது, இரண்டு வேளை இன்சுலின். நான் தேடிப் பார்த்தவரை ஒரு பக்கம் "எல்லாம் இலவசம், பணக்கார நாடு" என்கிறார்கள், இன்னொரு பக்கம் "அங்கே ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதீர்கள்" என்கிறார்கள். அங்கே இருந்தவர்கள், மருத்துவத் துறையில் இருப்பவர்கள் யாராவது விவரமாகச் சொல்லுங்களேன். நாட்டைப் பற்றியே எனக்குப் பெரிதாகத் தெரியாது, கிரிக்கெட்டும் பிரையன் லாராவும்தான் தெரியும்.

தென்கரை மருந்தாளர் எழுதியது:

வணக்கம். நான் தெற்கு டிரினிடாடில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளராக வேலை செய்கிறேன், உங்கள் தம்பி வரப்போகும் இடம் எங்களுக்குப் பக்கம்தான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாடு. டிரினிடாட், டொபாகோ என்று இரண்டு தீவு சேர்ந்த ஒரே குடியரசு. டிரினிடாட் பெரியது, கிட்டத்தட்ட 4,800 சதுர கிலோமீட்டர். டொபாகோ வெறும் 300. மக்கள்தொகை இரண்டும் சேர்த்து சுமார் 14 லட்சம். வெனிசுவேலா கரை மிக நெருங்கும் இடத்தில் 11 கிலோமீட்டர்தான், அதனால் மற்ற கரீபியன் தீவுகளைப் போல இதைக் கடற்கரையும் சுற்றுலாவும் மட்டும் என்று நினைத்து வராதீர்கள், இது எண்ணெய், எரிவாயு நாடு. உலக வங்கிக் கணக்கில் உயர் வருமான நாடு. 1962-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை, 1976-இல் குடியரசு. மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்திய வம்சாவளி, கிட்டத்தட்ட அதே அளவு ஆப்பிரிக்க வம்சாவளி, மீதி கலப்பு.

மருத்துவம். 1994-இல் ஒரு சட்டம் போட்டு, சுகாதார அமைச்சகம் நேரடியாக நடத்திய மருத்துவமனைகளை வட்டார சுகாதார ஆணையங்களிடம் பிரித்துக் கொடுத்தார்கள். வடமேற்கு, வடமத்தி, தென்மேற்கு, கிழக்கு, டொபாகோ என ஐந்து. உங்கள் தம்பி வருவது தென்மேற்கு ஆணையத்தின் எல்லைக்குள். அதன் பெரிய மருத்துவமனை சான் ஃபெர்னாண்டோவில். பாயிண்ட் ஃபோர்ட்டினிலேயே புது மருத்துவமனையும் 2020-இல் திறந்தது, கொரோனா நேரத்தில். இது போக நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட சுகாதார நிலையங்கள், ஊருக்குள்ளேயே இருக்கும். அரசு இடங்களில் குடிமக்களுக்குக் கட்டணம் கிடையாது. சீட்டுக்கு, ஊசிக்கு, படுக்கைக்கு, அறுவைக்கு, எதற்கும் கிடையாது.

அப்புறம் சி-டாப். நாள்பட்ட நோய்களுக்கான மருந்துத் திட்டம், 2003-இல் தொடங்கியது. இதை நான் மனதாரப் பாராட்டுவேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா, கண் நீர் அழுத்தம், மூட்டுவலி, மனச்சோர்வு என்று ஒரு பட்டியல், அந்த நோய்களுக்கான மருந்தைத் தனியார் மருந்துக் கடையிலேயே காசில்லாமல் வாங்கிக்கொள்ளலாம். மருத்துவரின் சீட்டும் அடையாள அட்டையும் போதும். எங்களுக்கு மருந்து அரசு வழியாக வரும், எடுத்துக் கொடுப்பதற்கான கூலியை அரசு தரும். நோயாளி அரசு மருத்துவமனை வாசலில் மாத்திரைக்காக வரிசையில் நிற்க வேண்டியதில்லை, தன் தெருமுனைக் கடைக்கு வந்தால் போதும். ஏழைக் கிழவிக்கும் ஆலை முதலாளிக்கும் ஒரே மாத்திரை ஒரே கவுண்டரில். எத்தனை நாட்டில் இது நடக்கிறது?

ஆனால் வடகரை, இது குடிமக்களுக்கான திட்டம். அப்பாவுக்கு இதை நம்பி வராதீர்கள்.

பழுப்புக் கடல் எழுதியது:

மருந்தாளர் நல்ல பக்கத்தை எழுதிவிட்டார், நான் மற்றதை எழுதுகிறேன். சில வருடம் முன்பு வரை நானும் அங்கே இருந்தேன். இலவசம் என்பது உண்மை. எப்போது கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

என் மனைவிக்குப் பித்தப்பையில் கல். அரசு மருத்துவமனை ஒன்றில் பார்த்தோம், ஊர் பெயர் வேண்டாம். ஸ்கேன் எடுக்கத் தேதி கொடுத்தார்கள், பல மாதம் கழித்து. வலி தாங்காமல் அவசரப் பிரிவுக்குப் போன இரவு, படுக்கை இல்லை என்று தாழ்வாரத்தில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள், விடிகிற வரை. அங்கே எங்களைப் பார்த்த மருத்துவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் அவரே மாலையில் நடத்தும் தனியார் கிளினிக்குக்கு வந்தால் அடுத்த வாரமே முடித்துவிடலாம் என்றார். கடைசியில் அங்கேதான் காசு கட்டி எடுத்தோம். அரசு நிபுணர்கள் தனியாரிலும் பார்க்கலாம் என்று அங்கே அனுமதி இருக்கிறது. அனுமதி இருக்கும்வரை அரசு வரிசை குறையாது என்பது என் உறுதியான கருத்து. வரிசை நீளமாக இருப்பதால் ஒருவருக்கு லாபம் என்றால் அதை யார் குறைப்பார்?

வடகரை எழுதியது:

பழுப்புக் கடல் அண்ணா, படிக்கவே சங்கடமாக இருக்கிறது. அண்ணிக்கு இப்போது பரவாயில்லையா? மருந்தாளர் சார், இவ்வளவு எண்ணெய்ப் பணம் இருக்கிற நாட்டில் ஏன் படுக்கை இல்லை?

பழுப்புக் கடல் எழுதியது:

நன்றாக இருக்கிறாள் தம்பி. அது முடிந்துபோன கதை.

தென்கரை மருந்தாளர் எழுதியது:

பழுப்புக் கடல் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, கவுண்டரில் தினமும் இதைத்தான் கேட்கிறேன். ஆனால் "ஏன்" என்பதில் கொஞ்சம் வேறு கருத்து. மருத்துவரின் இரட்டை வேலை ஒரு காரணம், அதுவே முழுக் காரணம் இல்லை.

இந்த நாட்டில் எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் கட்டடம் எழும். 1970-களின் எண்ணெய்ப் பணத்தில் திட்டம் போட்டு 1980-களில் எழுந்ததுதான் மவுண்ட் ஹோப்பில் உள்ள எரிக் வில்லியம்ஸ் மருத்துவ வளாகம். முதல் பிரதமர் பெயர். மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலமும் அங்கேதான், அதில் படித்து வந்தவர்கள்தான் இன்று நாட்டைத் தாங்குகிறார்கள், அதனால் அந்தப் பணம் வீண் என்று யாரும் சொல்ல முடியாது.

கூவா கதை வேறு. நாட்டின் நடுவில் உள்ள ஊர். அங்கே குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்குமாக 230 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனையை ஷாங்காய் கன்ஸ்ட்ரக்ஷன் நிறுவனம் கட்டியது. 2015 ஆகஸ்டில், தேர்தலுக்குச் சில வாரம் முன்பு, திறப்பு விழா நடந்தது. செப்டம்பரில் ஆட்சி மாறியது. அதற்குப் பிறகு கொரோனா வரும்வரை அந்த இடம் முழு மருத்துவமனையாக இயங்கவில்லை. எந்தக் கட்சி செய்தது, எந்தக் கட்சி விட்டது என்ற சண்டை இங்கே இன்னும் ஓயவில்லை. எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை. நெடுஞ்சாலையில் அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போன ஒவ்வொரு முறையும், சான் ஃபெர்னாண்டோவில் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். 2020-இல் கொரோனாவுக்கு என்று தனியாக ஒரு இணை மருத்துவ அமைப்பை உருவாக்கினார்கள், கூவாவையும் கௌரா மருத்துவமனையையும் அதற்கு ஒதுக்கினார்கள். அப்போது அந்தப் படுக்கைகள் உயிர் காத்தன. ஆள் போட்டால் அந்த இடம் ஓடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இன்னொரு கட்டடம் மூடியதையும் சொல்ல வேண்டும். பெட்ரோட்ரின் என்ற அரசு எண்ணெய் நிறுவனம் பாயிண்ட் ஆ பியேரில் சுத்திகரிப்பு ஆலை வைத்திருந்தது, அதன் ஊழியர்களுக்கு அகஸ்டஸ் லாங் என்று ஒரு மருத்துவமனை. 2018-இல் ஆலையை மூடினார்கள், மருத்துவமனையும் போனது. அதுவரை அங்கே பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்களில் பலர் இப்போது அரசு வரிசையில் நிற்கிறார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்றால் பெரும்பாலும் பொது வருவாய்தான். சம்பளம் வாங்குபவர்களிடம் சுகாதாரக் கட்டணம் என்று வாரத்துக்கு 8.25 டிரினிடாட் டாலர் பிடிப்பார்கள், குறைந்த சம்பளக்காரர்களுக்கு 4.80. ஒரு அமெரிக்க டாலர் கிட்டத்தட்ட 6.8 டிரினிடாட் டாலர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் மருத்துவத்துக்கு என்று தனிப் பெட்டிக்குப் போகாமல் பொது நிதியில் கலக்கிறது.

நாடித்துடிப்பு எழுதியது:

நான் இதய மருத்துவர், டிரினிடாட் போனதில்லை. ஆனால் எங்கள் துறையில் டிரினிடாடைத் தெரியாமல் இருக்க முடியாது, அதனால் குறுக்கே வருகிறேன்.

தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் புறநகர் செயின்ட் ஜேம்ஸ். 1970-களின் கடைசியில் அங்கே ஆயிரக்கணக்கானவர்களைப் பதிவு செய்து, பல வருடம் தொடர்ந்து பார்த்து ஓர் ஆய்வு நடந்தது. ஆப்பிரிக்க வம்சாவளி, இந்திய வம்சாவளி, ஐரோப்பிய வம்சாவளி, கலப்பு என எல்லோரும் ஒரே பகுதியில் வாழ்பவர்கள், ஒரே சந்தை, ஒரே ஆஸ்பத்திரி. அதில் தெளிவாக வந்த முடிவு, இந்திய வம்சாவளியினருக்கு மாரடைப்பு வகை இதய நோய் மற்றவர்களைவிட இரு மடங்குக்குக் குறையாமல் இருந்தது, சர்க்கரையும் அவர்களிடம்தான் அதிகம். 1980-களில் லான்செட் இதழில் வந்தது. "இந்தியர்களுக்கு ஏன் இவ்வளவு சின்ன வயதில் மாரடைப்பு" என்று இன்று நாம் சாதாரணமாகப் பேசுகிறோமே, அந்தப் பேச்சுக்கு அடிப்படை போட்ட ஆய்வுகளில் அது ஒன்று. கப்பலேறிப் போய் நாலைந்து தலைமுறை கழித்தும் அந்த ஆபத்து கூடவே போயிருக்கிறது.

வடகரை, உங்கள் அப்பாவுக்கு ஈசிஜி, எக்கோ, தேவைப்பட்டால் நடை சோதனை எல்லாம் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பாருங்கள், கண் விழித்திரையும். அங்கே போய் ஆரம்பிக்க வேண்டாம்.

தென்கரை மருந்தாளர் எழுதியது:

டாக்டர் சொன்னதை நான் கவுண்டரின் இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு பெரியவர் வந்தார், எழுபதை ஒட்டிய வயது. ஒரு காலத்தில் கரும்பு வெட்டியவர். கரோனி என்ற அரசு சர்க்கரை நிறுவனத்தை 2003-இல் மூடி ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், அதில் இவரும் ஒருவர். சி-டாப் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை வாங்கினார், ஒரு மாதம் கூடத் தவறாமல் வாங்குபவர். கிளம்பும்போது "கால் புண்ணுக்கு ஏதாவது களிம்பு இருக்கா" என்றார். செருப்பைக் கழற்றச் சொன்னேன். பழைய பனியனைக் கிழித்துக் கட்டியிருந்தார். அவிழ்த்தால் சுண்டுவிரல் கறுத்திருந்தது, பக்கத்து விரலின் அடியில் சீழ். வலிக்கவே இல்லை என்றார். வலிக்காததுதான் பயம், உணர்ச்சி நரம்பு போய்விட்டது. எத்தனை நாளாக என்றால் மூன்று வாரமாம். கிளினிக்கில் காட்டவில்லையா என்றேன். அடுத்த கிளினிக் தேதி இரண்டு மாதம் கழித்து, அன்றைக்குக் காட்டலாம் என்று இருந்தாராம். போன தடவை போனபோது செருப்பைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லையாம். அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினேன். இரண்டு விரல் போனது, கால் தப்பியது. எல்லோருக்கும் அப்படித் தப்புவதில்லை. முழங்காலுக்குக் கீழ் எடுத்தவர்கள் எங்கள் கடைக்கு வருபவர்களிலேயே பலர் உண்டு.

நான் சொல்ல வருவது இதைத்தான். இவருக்கு மாத்திரை இலவசமாகக் கிடைத்தது, மருத்துவமனை பக்கத்தில் இருந்தது, அறுவையும் இலவசமாக நடந்தது. இடையில் காலைப் பார்க்க ஆள் இல்லை. இந்த நாட்டின் இறப்புகளில் பாதிக்கு மேல் இதயம், சர்க்கரை, புற்றுநோய், பக்கவாதம் மாதிரியான நாள்பட்ட நோய்களால்தான். இவற்றுக்கு வேண்டியது மாதத்துக்கு ஒருமுறை அதே முகத்தைப் பார்த்து "செருப்பைக் கழற்றுங்கள்" என்று சொல்லும் ஒரு செவிலி. சுகாதார நிலையத்தில் அந்தச் செவிலிக்கு நேரம் இல்லை, பல இடத்தில் அந்தச் செவிலியே இல்லை.

வெளவால் எழுதியது:

அருமையான இழை. நான் தொற்றுநோய் வரலாறு படிப்பவன், டிரினிடாடைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் போக மனசில்லை.

1920-களின் கடைசியில் அங்கே மாடுகள் கால் மடங்கிச் செத்தன, அப்புறம் மனிதர்களும், உடல் மரத்துப் பக்கவாதம் மாதிரி வந்து இறந்தார்கள். முதலில் போலியோ என்று நினைத்தார்கள். ஜோசப் லெனாக்ஸ் பவான் என்ற டிரினிடாட்காரர், எடின்பரோவில் மருத்துவம் படித்துத் திரும்பி அரசு நுண்ணுயிரியலாளராக இருந்தவர், இறந்தவர்களின் மூளைத் திசுவைப் பார்த்து இது வெறிநோய் என்று கண்டுபிடித்தார். நாய் கடிக்காமல் வெறிநோயா என்று தேடிப்போய், ரத்தம் குடிக்கும் வெளவால்தான் பரப்புகிறது என்று 1930-களில் நிறுவினார். உலகத்துக்கே அது புதுச் செய்தி. பெரிய வசதி எதுவும் இல்லாத ஒரு காலனி ஆய்வகத்தில் நடந்தது இது. நம் பள்ளிப் பாடத்தில் பாஸ்டரோடு பவானையும் சேர்க்க வேண்டும் என்பேன்.

1953-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உதவியோடு போர்ட் ஆஃப் ஸ்பெயினில் வைரஸ் ஆய்வகம் வந்தது. மயாரோ, ஓரோபூச் என்ற இரண்டு வைரஸ்களும் டிரினிடாட் ஊர்களின் பெயரைத் தாங்கியவை. ஓரோபூச் 1955-இல் ஒரு காட்டுத் தொழிலாளியின் ரத்தத்தில் கிடைத்தது. 2024-இல் பிரேசிலிலும் கியூபாவிலும் பரவிச் செய்தியானதே, அதேதான். அந்த ஆய்வக மரபில்தான் இன்று கரீபியன் பொதுச் சுகாதார முகமை அங்கே தலைமையகம் வைத்து 2013 முதல் இயங்குகிறது. சின்னத் தீவுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பெரிய ஆய்வகம் வைத்துக்கொள்ள முடியாது, ரத்த மாதிரியை இங்கே அனுப்பிப் பார்க்கின்றன.

வடமேற்கு முனைக்கு அப்பால் சகசகாரே என்று ஒரு தீவு, தொழுநோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோய் வைத்த இடம். கன்னியாஸ்திரிகள் பார்த்துக்கொண்டார்கள். மருந்து வந்து, தனிமைப்படுத்த வேண்டியதில்லை என்றான பிறகும் 1984 வரை அது மூடப்படவில்லை.

வடகரைக்கு நடைமுறை விஷயம் ஒன்று. டிரினிடாட் காட்டுக் குரங்குகளிடம் மஞ்சள் காய்ச்சல் உண்டு, 2008 கடைசியிலும் 2009-லும் ஊளைக் குரங்குகள் செத்து விழுந்தபோதுதான் தெரிந்தது. இந்தியா தன் பட்டியலில் டிரினிடாடை வைத்திருக்கிறது, டொபாகோவை அல்ல. அங்கிருந்து ஊருக்குத் திரும்பி வரும்போது தடுப்பூசிச் சான்று இல்லையென்றால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்த அழைத்துப்போவார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். அறுபது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு ஆபத்து கொஞ்சம் கூடுதல், அதனால் அப்பாவுக்கு மருத்துவரிடம் பேசாமல் போடாதீர்கள்.

வடகரை எழுதியது:

மஞ்சள் காய்ச்சல் ஊசி விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. கம்பெனிக்காரர்கள் தம்பிக்குச் சொல்லியிருக்கலாம், அப்பாவுக்கு யார் சொல்லப்போகிறார்கள். ரொம்ப நன்றி.

குமரி செவிலி எழுதியது:

மருந்தாளர் அண்ணா "அந்தச் செவிலியே இல்லை" என்று எழுதினீர்களே, ஏன் இல்லை? வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்பவள் நான், கரீபியன் பற்றி ஏஜென்ட் ஒருவர் பேசினார். அங்கே படித்த செவிலியர் எங்கே போகிறார்கள்? அப்புறம், 2024-இல் பச்சிளம் குழந்தைகள் இறந்த செய்தி ஒன்று படித்தேன். அது டிரினிடாட்தானே?

தென்கரை மருந்தாளர் எழுதியது:

தங்கச்சி, இங்கே படிக்கிற செவிலியர் ஆங்கிலம் பேசுபவர்கள், பயிற்சி பிரிட்டிஷ் முறையை ஒட்டியது. அமெரிக்கா நாலைந்து மணி நேர விமானப் பயணம். பிரிட்டன், கனடா எல்லாம் வலை வீசி எடுக்கின்றன. ஒரே வேலைக்குப் பல மடங்கு சம்பளம் என்றால் யார் இருப்பார்? இது இன்று நேற்று வந்ததில்லை, போருக்குப் பிந்தைய பிரிட்டனின் மருத்துவ சேவையில் கரீபியன் செவிலியர் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்பது ஊரறிந்தது. காலியான இடத்தை நிரப்பக் கியூபாவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் ஆள் எடுப்பார்கள். இன்னொரு பக்கம், இங்கேயே பயிற்சி முடித்து நிரந்தர வேலை கிடைக்காமல் குறுகிய ஒப்பந்தத்தில் காத்திருக்கிற இளம் செவிலியரும் இருக்கிறார்கள். பற்றாக்குறையும் காத்திருப்பும் ஒரே நேரத்தில். அதை நினைத்தால்தான் கோபம் வருகிறது. ஏஜென்ட் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள், இங்குள்ள செவிலியர் மன்றத்தில் பதிவு கிடைக்குமா என்று நேரடியாக எழுதிக் கேளுங்கள்.

குழந்தைகள் விஷயம் உண்மை. 2024 ஏப்ரலில் போர்ட் ஆஃப் ஸ்பெயின் பொது மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாட்களுக்குள் ஏழு குழந்தைகள் இறந்தன. பாக்டீரியா தொற்று. பான் அமெரிக்கச் சுகாதார அமைப்பை அழைத்து விசாரிக்கச் சொன்னார்கள், பெற்றோர்கள் நீதிமன்றம் போனார்கள். குறைமாதக் குழந்தைகள், தொட்டால் தாங்காத உடம்பு. அப்படிப்பட்ட பிரிவில் ஒரு செவிலி எத்தனை குழந்தையைப் பார்க்கிறாள், ஒரு குழந்தையிலிருந்து அடுத்ததுக்குப் போகும் முன் கை கழுவ நேரம் இருக்கிறதா என்பதெல்லாம் உயிர்ப் பிரச்சினை. உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பழுப்புக் கடல் எழுதியது:

ஒன்று விட்டுப்போனது. துப்பாக்கி. 2024-இல் மட்டும் 600 பேருக்கு மேல் கொலை செய்யப்பட்டார்கள், 14 லட்சம் மக்கள் உள்ள நாட்டில். வருடக் கடைசியில் நெருக்கடி நிலையே அறிவித்தார்கள். சுடப்பட்டவன் ஒருவன் வந்துவிட்டால் அறுவை அரங்கு, ரத்தம், மயக்க மருத்துவர் எல்லாம் அவனுக்குப் போய்விடும், அன்று நாள் குறித்த குடலிறக்கமும் பித்தப்பையும் தள்ளிப்போகும். மருத்துவமனையைக் குறை சொல்லிப் பயனில்லை, வேறு வழி அவர்களுக்கும் கிடையாது. மருத்துவ நிதி என்று பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வெளவால் எழுதியது:

டொபாகோ பற்றி யாரும் சொல்லவில்லையே? அங்கே தனி மருத்துவமனை உண்டா?

தென்கரை மருந்தாளர் எழுதியது:

உண்டு. ஸ்கார்பரோ பொது மருத்துவமனை, சிக்னல் ஹில்லில் 2012-இல் புதுக் கட்டடத்துக்கு வந்தது. சாதாரண விஷயங்களுக்குப் போதும். பெரிய நிபுணர் சிகிச்சை என்றால் டிரினிடாட் வர வேண்டும். விமானத்தில் அரை மணி நேரம் கூட இல்லை, கப்பலில் மூன்று நான்கு மணி நேரம், ஆனால் சீட்டு கிடைக்காத நாளில் நோயாளியோடு துறைமுகத்தில் நிற்பது பெரிய வேதனை.

இன்னொன்று, வெனிசுவேலாவிலிருந்து வந்தவர்கள். 2019-இல் அரசு ஒரு பதிவு நடத்தியது, 16,000 பேருக்கு மேல் பதிவு செய்தார்கள், பதியாதவர்கள் அதற்கு மேல். குடிமக்கள் அல்லாதவர்களுக்கு அவசரச் சிகிச்சை, தடுப்பூசி மாதிரிப் பொதுச் சுகாதாரச் சேவை உண்டு, நாள்பட்ட நோய்க்குத் தொடர் சிகிச்சை கிடைப்பது கஷ்டம். வடகரை அப்பாவும் சட்டப்படி அந்த வரிசையில்தான் வருவார்.

நாடித்துடிப்பு எழுதியது:

சாப்பாடு எப்படி மருந்தாளரே? அரசு அந்தப் பக்கம் ஏதாவது செய்கிறதா?

தென்கரை மருந்தாளர் எழுதியது:

செய்திருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் அநியாயம். 2007 செப்டம்பரில் கரீபியன் நாடுகளின் அரசுத் தலைவர்கள் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கூடி, நாள்பட்ட நோய்களைத் தடுக்க ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். இந்த நோய்களுக்காகவே அரசுத் தலைவர்கள் கூடியது உலகத்தில் அதுதான் முதல் தடவை. அங்கிருந்து போன அழுத்தம்தான் 2011-இல் ஐநா பொதுச்சபையில் உயர்மட்டக் கூட்டமாக முடிந்தது. குட்டி நாடுகள் சேர்ந்து உலகத்தின் கவனத்தைத் திருப்பின. 2017-இல் பள்ளிகளில் இனிப்புப் பானங்கள் விற்கத் தடை வந்தது, அதுவும் நல்ல வேலை.

ஆனால் பள்ளி வாசலைத் தாண்டினால் ஒவ்வொரு கடையிலும் கலர் கலராக இனிப்புப் பானம். காலைச் சாப்பாடு டபுள்ஸ். மஞ்சள் சேர்த்த மைதா மாவில் பொரித்த இரண்டு பாரா, நடுவில் கொண்டைக்கடலைக் குழம்பு, புளிச் சட்னி, மாங்காய் குச்சலா, மேலே காரம், தாளில் சுருட்டிக் கொடுப்பார்கள். சுவையைப் பற்றிச் சொல்ல வேண்டாம், நானே விரும்பிச் சாப்பிடுவேன். ஆனால் எண்ணெயில் பொரித்த மைதா, ஒன்றோடு யாரும் நிறுத்துவதில்லை, கூடவே ஒரு இனிப்புப் பானம். 1845-இலிருந்து 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக 1,40,000 பேருக்கு மேல் வந்தார்கள், பெரும்பாலும் கல்கத்தா வழியாக, கொஞ்சம் பேர் நம் மதராஸ் துறைமுகம் வழியாக. அவர்கள் பகல் முழுக்கக் கரும்பு வெட்டினார்கள். பேரப்பிள்ளைகள் காரில் உட்கார்ந்து நெரிசலில் இரண்டு மணி நேரம் வேலைக்குப் போகிறார்கள். தட்டு மட்டும் அதே அளவு, எண்ணெய் கூடியிருக்கிறது.

சர்க்கரைக்குப் பாகற்காயைக் கொதிக்க வைத்துக் குடிப்பதும் உண்டு, கராய்லி என்பார்கள். குடிக்க வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடிக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன், பாதிப் பேர் கேட்பார்கள்.

வடகரை எழுதியது:

எல்லாவற்றையும் வீட்டில் படித்துக் காட்டினேன். அப்பா போகத்தான் ஆசைப்படுகிறார், தம்பி தனியாக இருப்பானே என்று. சரி, அப்படி வந்தால் என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? ஒரு வரியில் சொன்னாலும் போதும்.

தென்கரை மருந்தாளர் எழுதியது:

ஒரு வரியில் முடியாது, சுருக்கமாகச் சொல்கிறேன். தம்பியின் கம்பெனிக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ஏற்கெனவே உள்ள நோயை ஏற்பார்களா என்பதையும் சேர்த்து. பல திட்டங்களில் மனைவி பிள்ளை மட்டும்தான். முடியாது என்றால் அப்பா நிரந்தரமாக வர வேண்டாம், சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பட்டும், அதற்கான பயணக் காப்பீடு எடுங்கள். சொந்தக் காசில் இங்கே தனியார் மருத்துவமனையில் சேர்ந்தால் தம்பியின் சம்பளம் தாங்காது.

இன்சுலினுக்கு மருத்துவர் கடிதம், வணிகப் பெயர் இல்லாமல் மருந்தின் பொதுப்பெயரோடு தட்டச்சு செய்து, முத்திரையோடு. ஊரில் விற்கிற கூட்டு மாத்திரைகள் பல இங்கே அதே கலவையில் கிடைக்காது, தனித்தனியாக எழுதி வாங்குங்கள். சோதனைப் பட்டை ஊரிலிருந்து கொண்டுவாருங்கள். சான் ஃபெர்னாண்டோவில் ஒரு தனியார் பொது மருத்துவரை வந்த வாரமே பார்த்துப் பதிவு செய்துவிடுங்கள், நோய் முற்றிய பிறகு புது மருத்துவரைத் தேடி அலையாதீர்கள். அவசரம் என்றால் 811 அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும், அரசு அவசரப் பிரிவுக்குத் தயங்காமல் போங்கள், மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வரிசை கிடையாது, உடனே பார்ப்பார்கள்.

வீட்டுக்குள்ளும் செருப்புப் போடச் சொல்லுங்கள் அப்பாவை. தினமும் இரவு தம்பி அவர் பாதத்தை விரலிடுக்கு வரை பார்க்கட்டும். ஏதாவது தெரிந்தால் படம் எடுத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், எந்த நேரமானாலும் பார்க்கிறேன்.

நாடித்துடிப்பு எழுதியது:

கூடவே ஒரு சேர்க்கை: எடுத்த பரிசோதனை முடிவுகளின் நகலை அப்பா கையிலும் தம்பி கைபேசியிலும் இரண்டு இடத்தில் வையுங்கள். பழைய ஈசிஜி ஒன்று கையில் இருந்தால் புதிதாகப் பார்க்கும் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.